இரண்டு பக்கமும் கறுப்பு

நான் செங்கம்மாவுக்குப் பட்ட கடன் மூன்று நாள்.

எங்கள் மகன் ஹேமநாத் பிறந்த வாரத்தில் அவள் அப்பா இறந்துபோனார். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பச்சை உடம்பு, தாங்க மாட்டாள் என்று மூன்று நாள் அவளிடம் மறைத்தேன். நான்காம் நாள் சொன்னபோது குழிக்குப் பாலும் ஊற்றியாகிவிட்டது. அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை.

அது நடந்து இருபத்திரண்டு வருடம். இன்றைக்கும் சண்டை என்றால் என் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டுவாள்.

அதனால்தான் அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டுத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பவன்குமாரின் வீடியோ கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ஹேமநாத் குவைத்துக்குப் போய்ப் பதினான்கு மாதம். போன வாரம் பக்கத்து ஊருக்கு அங்கிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே வேறு யாரோ பெற்ற பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து செங்கம்மா சோற்றைத் தொடவில்லை.

நம் பிள்ளை நன்றாக இருக்கிறான், நேற்றுகூடப் பேசினான் என்று சொன்னால் நம்ப மாட்டாள். போனையும் அவள் காதில் வைக்கிறதில்லை. மூன்று விரல்தான்.

ஹேமநாத்தே அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். செல்போனில் தன்னைப் படம் பிடித்து, அங்கிருந்து லீவில் வந்த கூட்டாளி சின்னப்பனிடம் நகம் அளவு மெமரி கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். திருச்சானூரில் நான் வேலை செய்கிற லாட்ஜ் கட்டடத்துக்கு வந்து, தீப்பெட்டிக்குள் போட்டு அதைக் கொடுத்துவிட்டுச் சின்னப்பன் ரயிலேறப் போய்விட்டான்.

என் போனில் அந்தக் கார்டு நுழையாது. வீட்டில் டிவியும், மகன் வாங்கிக் கொடுத்த டிஸ்க் பிளேயரும் இருந்தன. செல்போன் படம் அதில் அப்படியே ஓடாது, வேறு ரகமாக மாற்றி டிஸ்கில் ஏற்ற வேண்டும் என்றார் பவன்குமார்.

கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு, தளம் காய்கிற வேகத்தில் நகர்ந்தது.

கோடு முடிந்ததும் அவர் முகம் சுருங்கியது. படம் வருகிறது, சத்தம் வரவில்லை. வேறு சாப்ட்வேரில் போட்டார். மறுபடியும் கோடு. மறுபடியும் ஊமைப்படம்.

பரவாயில்லை, அப்படியே கொடுங்கள் என்றேன். பெற்றவளுக்குப் பிள்ளை குரல் வேண்டாமா என்று கேட்டார். சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு பாட்டாவது போட்டுத் தருகிறேன் என்றார். பாட்டும் வேண்டாம் என்றேன். வேலையாக வந்த இடத்தில் வீட்டுக்கதை எதற்கு என்று வேறொன்றும் சொல்லவில்லை.

சத்தத்தில் தோற்ற கோபத்தை அவர் படத்தில் தீர்த்துக்கொண்டார். செல்போன் படம் நெட்டையாக நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் கறுப்பு. இப்படிக் கொடுத்தால் கஸ்டமர்கள் திட்டுவார்கள் என்று மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார். திரை முழுக்க என் பிள்ளை முகம். மீசை தடித்திருந்தது.

எனக்குக் கண் நிறைந்ததுதான். ஆனாலும் வெட்டாதீர்கள் என்றேன்.

“ஏம் பெத்தாயனா, மொகம்தான் சந்திரனாட்டம் கீதே. கீழ பாக்கறதுக்கு என்னா கீது, பனியனும் தொப்பையும்தான?”

நாற்பது வயதுக்கு மேல் எழுத்து கற்றவன் நான். அந்தத் திரையில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாக வாசக்கால் நிறுத்துகிறவன்.

“செவுத்துல உட்ட வழி அகலமா பூட்ச்சின்னா ரெண்டு பக்கமும் செங்கல் வச்சி அடைப்போம், தம்பி. வாசக்கால அறுக்க மாட்டோம். அந்தக் கறுப்ப செங்கல்னு நெனச்சிக்கோ.”

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துத் திரையில் வைத்தேன். தலையிலிருந்து இடுப்பு வரை இவ்வளவும் வேண்டும், ஒரு நூல் குறையக் கூடாது.

அவர் சிரித்துவிட்டார். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் கோட்டை ஓடவிட்டார். சத்தம் இல்லாத டிஸ்குக்குப் பாதிக் காசு போதும் என்றார். முழுக் காசையும் வைத்தேன். டிஸ்கின் மேல் பெயரை நானே எழுதினேன். ‘ஹே’ மட்டும் கொஞ்சம் சாய்ந்துபோனது.

புத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. வெயில் இறங்குவதற்குள் வீடு.

செங்கம்மா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. டிஸ்கைப் போட்டுவிட்டுப் போய்த் தோளைத் தொட்டேன்.

டிவியில் ஹேமநாத். நடுவில் பாதி ஆள், பனியனும் தொப்பையுமாக.

அவன் ஒரு விரலால் மூக்கின் ஓரத்தைத் தொட்டான். மூக்குத்தி. அம்மா என்று கூப்பிடுகிறான். வாயில் பேச்சு வருவதற்கு முன்னாலேயே அவன் அவளுக்கு வைத்த பெயர்.

பிறகு அவனுடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே இறங்கிப் பேச ஆரம்பித்தன. நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். வயிற்றைத் தட்டிக் காட்டினான். சித்திரையில் வருகிறேன். நைனா சொல்வது நிஜம்.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத செங்கம்மா, டிவிக்கு எதிரே உட்கார்ந்து கையாலேயே அவனுக்குப் பதில் சொன்னாள். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். மீசையை எடுக்கச் சொன்னாள்.

படம் நின்றது. அவள் என் பக்கம் திரும்பி மூன்று விரலை நீட்டினாள்.

பிறகு ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள்.