கிளிமெனேக்கு வைத்த பானை

வருடத்தில் ஒரு நாள் ஏதென்ஸில் இறந்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். இருட்டியதும் விரட்டிவிட வேண்டும். மனைவி கிளிமெனே இறந்த பிறகு லைகோனுக்கு இது முதல் பண்டிகை. தானியங்களைத் தேன் விட்டு வேகவைத்து, பானையை முற்றத்தில் வைத்தான்.

"பேரைச் சொல்லி மூணு தரம் கூப்பிடுடா," என்றாள் பக்கத்து வீட்டு மிர்த்தோ. "வந்தாலும் உடனே உட்காரமாட்டா. விருந்தாளி எழுந்தப்புறம்தானே சாப்பிடுவா உன் மகாராணி!"

"கிளிமெனே" என்று மூன்று முறை கூப்பிட்டான்.

மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் கூந்தலில் கடல்நீர் சொட்டியது. ஒருத்தி, வானத்திலிருந்து எரிந்து விழுந்த மகனைப் பற்றியே பேசினாள். மற்றவள் டிராய் அரண்மனையில் ராணிக்குத் தலைவாரியவள்.

"எங்க பேரும் அதான் தம்பி," என்றாள் அவள். "எங்களைக் கூப்பிடத்தான் ஆளில்ல."

போகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வாசலையே பார்த்தபடி, பானை காலியாகும்வரை பரிமாறினான்.

இருட்டியதும் தெருவே கத்தியது: "வெளிய போங்க, பண்டிகை முடிஞ்சுது!" மூவரும் எழுந்து போனார்கள். அவன் மட்டும் கத்தவில்லை. கதவையும் சாத்தவில்லை.

காலையில் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது, மனைவி எப்போதும் வைப்பதுபோல் அடுப்புச் சுவரில் சாய்ந்தபடி. அவளுக்கென்று அவன் ஒரு வாய்கூட மிச்சம் வைத்திருக்கவில்லை.