கொட்டாவிக்கு ஒரு சொடக்கு

விமானம் கீழே இறங்கத் தொடங்கியதும் தேன்மலரின் நாலு மாதக் குழந்தை வீறிட்டு அழுதது. பாலையும் குடிக்காமல் காதைப் பிய்த்துக்கொண்டது. பக்கத்து இருக்கைக் கோட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். "காது அடைச்சிருக்கும் மேடம். கொட்டாவி விட்டா சரியாயிரும்" என்றாள் பணிப்பெண். "இவன்கிட்டப் போய் கொட்டாவி விடுடான்னா விடுவானா?" என்ற தேன்மலர், வேறு வழியில்லாமல் அவன் முகத்துக்கு நேரே தானே வாயைப் பிளந்தாள். பொய்க் கொட்டாவி பாதியில் நிஜமாகிவிட, பழக்கதோஷத்தில் வாய்க்கு முன்னால் சொடக்குப் போட்டாள். குழந்தை மசியவில்லை. கோட்டுக்காரர்தான் கொட்டாவி விட்டார், அவரும் ஒரு சொடக்குப் போட்டார். அது பின்வரிசைக்குத் தொற்றியது, அங்கிருந்து அடுத்த வரிசைக்கு. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல விமானம் முழுக்கச் சொடக்குச் சத்தம். குழந்தை அழுகையை மறந்து சுற்றிலும் பார்த்தது. பிறகு பொக்கைவாயை அகலத் திறந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. அவனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்த தேன்மலருக்கு அதற்குச் சொடக்குப் போடக் கை ஒழியவில்லை. ஆனால் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் இருக்கைகளுக்கு மேலாகக் கைகள் நீண்டு படபடவென்று சொடக்குப் போட்டன. "எங்கே, இன்னொண்ணு விடு ராஜா" என்றார் கோட்டுக்காரர். விமானத்தின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஒரு கையும் கீழே இறங்கவில்லை.