செங்கடலின் இந்தக் கரை

கிள்ளை உப்பங்கழியில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மருமகள் அஞ்சலை வெள்ளைச் சேலை உடுத்தி, ஞானஸ்நானம் வாங்க இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். கிழவர் பாவாடைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனாலும் படகு தள்ளும் மூங்கிலால் சேற்றைக் குத்திக் குத்தி ஆழம் பார்க்கிறார். போன ஐப்பசிப் புயலில் அவர் மகனும் அஞ்சலையின் புருஷனுமான தேவநாதனை விழுங்கியது இதே தண்ணீர்தான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. கடலூரிலிருந்து வந்திருக்கும் உபதேசியார் பைபிளைப் பிரித்துக்கொண்டு சொல்கிறார்: "செங்கடலு ரெண்டாப் பொளந்துச்சு. கர்த்தரோட ஜனங்க நடந்தே கரையேறுனாங்க. தொரத்திட்டு வந்த எகிப்து ராசா பார்வோனோட ஆளுங்களத் தண்ணி மூடிக்கிச்சு. இந்த ஞானஸ்நானத்தோட நெழலு அன்னைக்கே அங்க வுழுந்துடுச்சு பெரியவரே."

"முழுவுனவனுங்களப் பெத்தவன் எவனாச்சும் கரையில நின்னானா? அத எழுதியிருக்கா உம்ம பொஸ்தகத்துல?"

உபதேசியார் பக்கத்தைப் புரட்டுகிறார்.

"வுடு மாமா, அவுரு என்னா பண்ணுவாரு" என்கிறாள் அஞ்சலை.

"நீ அந்தாண்ட போவாத. இந்த ஆளயும் நம்ப முடியாது, இந்தத் தண்ணியயும் நம்ப முடியாது." அவளுக்கும் ஆழத்துக்கும் நடுவே போய் மூங்கிலை ஊன்றி நின்றுகொள்கிறார் பாவாடை. உபதேசியார் அவளைச் சாய்த்து முழுக்குகிறார். சேலை காற்றடைத்து உப்பி மிதக்கிறது. கிழவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவள் இருமிக்கொண்டே எழுகிறாள். கரையில் நிற்பவர்கள் பாட ஆரம்பிக்கிறார்கள். கிழவர் இன்னும் மூச்சு விடவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு தலை எழும்புமா என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.