சட்டையில் வந்த தூசு

சுலோச்சனாவின் நெஞ்சிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஆராய்ந்து முடித்த நோயறி இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்குத் தொண்டை கிடையாது. பெரிய டாக்டர்களிடம் கற்ற பழக்கம்.

"இது நுரையீரலில் பிறந்த புற்று அல்ல. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் பிறந்தது. காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசு. அது யாரால் வந்தது என்பதும் இதோ அறிவிக்கப்படும்."

கணவர் ஏகாம்பரம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். 'பாதுகாப்புச் செம்மல்' பட்டம் வேறு. வேலை நேரத்தில் ஒருநாளும் முகக்கவசத்தைக் கழற்றாதவர், ஆலையில் குளித்து உடை மாற்றச் சோம்பல்பட்டுச் சீருடையோடே வீட்டுக்கு வருவார். அதை உதறித் துவைத்தவள் சுலோச்சனா.

"நிறுத்துப்பா," என்றாள் அவள். "நான் சிகரெட் பிடிப்பேன். நுரையீரல் புத்துன்னே எழுதிக்கோ."

"நீங்கள் புகைத்த அடையாளம் இல்லை, அம்மா."

"மொட்டை மாடியில ஒளிஞ்சு பிடிச்சேன்யா! உனக்கென்ன தெரியும்? ஏங்க, உங்க பாக்கெட்லேருந்துதானே எடுப்பேன், சொல்லுங்களேன்."

வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத ஏகாம்பரம் எழுந்து, இயந்திரத்தின் முன் கைகட்டி நின்றார்.

"தேட வேணாம் சார். அந்தச் சட்டை என்னுது."