மூலையில் ஒரு கை

அவள் படிவத்தை மறுபடியும் படித்தாள்.

கடந்த ஐந்தாண்டுகளில் வரைந்த பத்துப் படைப்புகள். விண்ணப்பதாரர் தனியாகச் செய்தவையாக இருக்க வேண்டும். கூட்டுப் படைப்பு ஏற்கப்படாது.

மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் பதினொரு வருட ஒப்பந்த வேலை நிரந்தரமாகலாம். இல்லையென்றால் ஜூன் மாதம் அவள் வகுப்பில் வேறு யாராவது நிற்பார்கள்.

அவளிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை.

விளம்பர நிறுவனத்தில் ஆறு வருடம் சோப்புக்கும் சேமியாவுக்கும் படம் போட்டவள். பாடம் நடத்தப் போனால் சொந்தமாக வரைய நேரம் கிடைக்கும் என்று நம்பித்தான் இந்த ஓவியக் கல்லூரிக்கு வந்தாள். நல்ல நம்பிக்கை, போங்கள்!

வரையாமலும் இல்லை. தினமும் வரைந்தாள். மாணவர்களின் தாளில், வலது மூலையில், தீப்பெட்டி அளவுக்கு. முழங்கை எப்படி மடங்கும், கட்டைவிரல் எங்கிருந்து புறப்படும் என்று காட்டுவதற்காக.

ஒப்படைக்கும் முன் மூலையை அழித்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

நல்ல பிள்ளைகள். எல்லோரும் அழித்திருந்தார்கள்.

அலமாரியில் இருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்தது. எரிச்சலில் ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

மூலையில் பள்ளம் தெரிந்தது.

அவளுக்கு எப்போதும் அழுத்தமான கை. பென்சில் போன வழி தாளில் அப்படியே பதிந்திருந்தது.

மெல்லிய தாள் ஒன்றை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். கருமைக்குள் வெள்ளைக் கோடாக முழங்கை ஒன்று எழுந்து வந்தது. என்றோ அவள் போட்டது.

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

இதைப் படைப்பு என்று ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ. இருப்பது இதுதான்.

பாதிப் பேர் தாள் கிழிகிற அளவுக்கு அழித்துவைத்திருந்தார்கள். மூன்று மணிக்குள் ஒன்பது தேறின.

பத்தாவது, அடியில் கிடந்த கடைசித் தாள். இறுதியாண்டு கௌசிகாவுடையது. மூலையில் விரித்த கை.

தேய்க்கத் தேய்க்கக் கோடு ஒன்றாக நிற்கவில்லை. தன் கோட்டின் மேலேயே இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

முதலில் விழுந்தவை தடுமாறி வழி தவறியிருந்தன. ஒன்று மட்டும் தயங்காமல் போயிருந்தது. சுண்டுவிரலுக்கு வந்ததும் அது அவள் கோட்டை விட்டு விலகியது.

விலகியதுதான் சரி. தான் போட்ட சுண்டுவிரல் கொஞ்சம் விறைப்பு.

கௌசிகாவுக்கு ஆள் அனுப்பினாள். வந்தவள் தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள்.

"அழிச்சப்பறமும் தடம் தெரிஞ்சுதுங்க மேம். அது மேலயே ஓட்டி ஓட்டிப் பாத்தனுங்க. திரும்ப அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். தப்புங்களா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

இத்தனை வருடம் எங்கே போயிற்று என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். அது இந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

மணி நாலரை. படிவத்தில் பத்தாவது வரிசை. வரைந்தவர் பெயர்.

பேனாவால் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஒரு கமா போட்டாள்.

பிறகு நிமிர்ந்து, கௌசிகாவிடம் இனிஷியல் என்ன என்று கேட்டாள்.