முதுகில் ஒரு கப் தண்ணீர்

முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் பாயில் ஊன்றி நின்ற கிரேனின் முதுகில், பிசியோ ஒரு காகிதக் கப்பை வைத்தார். விளிம்பு வரை தண்ணீர்.

கிரேன் என்பது பயிற்சிக்கூடத்தில் வைத்த பெயர். இருநூற்று எண்பது கிலோவைத் தரையிலிருந்து காய்கறிப் பையைப் போல எடுத்தவன். நான்கு மாதத்துக்கு முன்பு அதே முதுகு பிடித்துக்கொண்டது.

இடுப்பு பெல்ட்டை நம்பி வயிற்றுத் தசையைத் தூங்கவிட்டுவிட்டாய் என்றார் பிசியோ. அன்றிலிருந்து குப்புறப் படுத்து உடம்பைத் தாங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று சின்னப் பிள்ளை வேலைகள்தான். கிரேனுக்கு மானமே போனது.

இன்று கடைசிப் பரிசோதனை. வலக்கையை முன்னால் நீட்டி, இடக்காலைப் பின்னால் நீட்டி ஒரு நிமிடம். பிறகு கை கால் மாற்றி ஒரு நிமிடம். தண்ணீர் சிந்தாவிட்டால் பிசியோ கையெழுத்துப் போடுவார், பளுதூக்கும் அணியின் முகாமுக்குக் கிரேன் போவான். சிந்தினால், அந்த எடைப் பிரிவில் இருக்கிற ஒரே இடம் அடுத்தவனுக்கு.

அடுத்தவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி.

எண்ணுவதும் தம்பிதான். பிசியோ தரையோடு தரையாகக் குனிந்து கப்பையே பார்க்க வேண்டியிருந்தது. அதனால் பின்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தார். முள் பன்னிரண்டைத் தாண்டியதும் தம்பி எண்ண ஆரம்பித்தான்.

கிரேன் கையையும் காலையும் நீட்டினான். கூடவே மூச்சைப் பிடித்தான்.

பளு தூக்குகிறவர்களின் வியாதி அது. ஒரு பெரிய மூச்சை இழுத்து வயிற்றுக்குள் பூட்டிவிடுவார்கள். நாலு நொடியில் முடிகிற வேலைக்கு அது சரி. மூச்சை விடு, விடு என்று பிசியோ இந்த நான்கு மாதத்தில் நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

பதினைந்தில் தொடை ஆட ஆரம்பித்தது. இருபதில் காது அடைத்தது. இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம் போலிருந்தது.

தம்பி வேண்டுமென்றே இழுக்கிறான் என்று கிரேனுக்குப் பட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்ததெல்லாம் இதற்குத்தானா? தம்பியென்றால் என்ன, இடம் ஒன்றுதானே. கிரேனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மீதியை நின்றான்.

தம்பி அறுபது என்றான். பிசியோ கப்பை எடுத்தார். அதே நொடியில் கிரேன் கழுத்தைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். எவ்வளவு இழுத்தான் என்று கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.

நொடி முள் எட்டைத் தாண்டி இரண்டு கோடுதான் போயிருந்தது.

நாற்பத்திரண்டு நொடி. தம்பி பதினெட்டு நொடியை விழுங்கியிருந்தான்.

எண்ணியவனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிரேனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் தம்பி முன்னால் அவன் இப்படிக் குறுகிப்போனதில்லை. பிசியோவிடம் சொல்லவும் முடியாது, சொன்னால் மாட்டிக்கொள்வது தம்பிதான்.

பாயில் அப்படியே திரும்பி, கடிகாரத்தைப் பார்த்து ஊன்றிக்கொண்டான். பிசியோ கப்பை மறுபடி வைத்தார். தம்பி தொண்டையைச் செருமினான்.

"நீ சும்மா இருடா. இந்தத் தடவை நானே எண்ணிக்கிறேன்."

முள் பன்னிரண்டைத் தாண்டியதும் இடக்கையையும் வலக்காலையும் நீட்டி, முள்ளோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணினான். வாய்விட்டு எண்ணுகிறவனால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் வெளியே போனது, கொஞ்சம் உள்ளே வந்தது. பிசியோ கத்திக்கொண்டிருந்தது இதைத்தான் என்று இருபதைத் தாண்டும்போது அவனுக்குப் புரிந்தது. தொடை ஆடத்தான் செய்தது. தண்ணீர் ஆடவில்லை.

அறுபது வந்தது. பிசியோ கப்புக்குக் கையை நீட்டினார். கிரேன் நிறுத்தவில்லை.

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

போதும் போதும் என்று பிசியோ சிரித்தார். வீம்பு என்று நினைத்திருப்பார். எழுபதுக்கு மேல் அவன் குரல் கரகரத்தது, நீட்டிய கை தாழப் பார்த்தது. எழுபத்தெட்டு என்று சொல்லி, கப்பை அவர் எடுக்கும்வரை பொறுத்திருந்து, பாயில் சரிந்தான்.

அதென்ன எழுபத்தெட்டு, எண்பதாகவாவது ஆக்கியிருக்கலாமே என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே பிசியோ கேட்டார்.

எண்ணிக்கை தப்பிவிட்டது என்றான் கிரேன்.

தம்பி குனிந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாத தரையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.