பன்னிரண்டு புள்ளி ஒன்று

பேட்டரி மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஒன்று வோல்ட்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதேதான்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துவந்த சக்கர வீடு அது. கூரைமேல் சோலார் பலகை, கட்டிலுக்கடியில் பேட்டரி. ஏரிக்கரைக்கு வந்த மூன்று நாளும் சூரியன் முகம் காட்டவில்லை. பனிமூட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரே மெயின் சுவிட்ச்.

ஒன்றை மட்டும் அணைக்க முடியாது. இரவில் மனைவி மூச்சுக்கு மாட்டிக்கொள்ளும் இயந்திரம். விடியும்வரை அது ஓட இந்தப் பன்னிரண்டு புள்ளி ஒன்று போதாது.

இருபதடி தள்ளி, கூடவே வந்த சம்பந்தியின் வண்டி. அதில் ஜெனரேட்டர். முதல் நாளே ஒயரைத் தோளில் சுருட்டிக்கொண்டு வந்து நின்ற மனுஷரைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஜெனரேட்டர் போடும் இரைச்சலையும் மூன்று நாளாக வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

"பொண்ணு குடுத்த வீட்ல போய் கரண்டுக்குக் கை நீட்டுறதா? நாப்பது வருஷம் ஊருக்கே கரண்ட் குடுத்தவன் நான்."

மனைவி கைக்குட்டை ஓரத்தில் நீலப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிராமல் தைக்கும்போதுதான் அவருக்குப் பயம்.

ராத்திரி இயந்திரம் நின்றால் அவளை எழுப்ப வேண்டும். அதற்கு முழித்திருக்க, பகலிலேயே தூங்கிவைப்போம் என்று படுத்தார்.

கனவில் பழைய துணைமின் நிலையம். முழங்காலளவு பனி. டிரான்ஸ்ஃபார்மர்கள் அசைபோடும் மாடுகளைப் போல நின்று ரீங்கரித்தன. ஒவ்வொன்றின் முதுகையும் தட்டிக்கொடுத்தபடி நடந்தார். தட்டத் தட்ட, ஏரிக்கடியில் ஓர் ஊரே விளக்கேற்றிக்கொண்டது. அங்கே ஒரு ஜன்னலுக்குள் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள், சீராக மூச்சுவிட்டபடி.

கண் விழித்த பிறகும் ரீங்காரம் நிற்கவில்லை.

மீட்டரில் பதின்மூன்று புள்ளி நான்கு.

"மேகத்துலயும் கொஞ்சம் ஏறும்போல," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இந்த மேகத்துக்கு அந்தத் தெம்பு கிடையாதென்று அவருக்கா தெரியாது. பலகையைத் துடைக்கிறேன் என்று துணியோடு இறங்கினார்.

வண்டியின் பின்பக்கம், சருகுகளுக்கடியில் ஊர்ந்துவந்து ஏறியிருந்தது ஓர் ஒயர். பிளக்கில் ஈரம் இறங்காதபடி ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. ஓரத்தில் நீலப் பூத்தையல். அது யார் கைத்தையல் என்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

ஓரிடத்தில் மட்டும் ஒயர் வெளியே தெரிந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். காலால் சருகைத் தள்ளி அதை மூடினார்.

உள்ளே வந்து துணியை உதறி, நான்காக மடித்துவைத்தார்.

"அந்த ஜெனரேட்டர் சத்தம் அப்படியொண்ணும் மோசமில்ல," என்றார், ஜன்னலைப் பார்த்து. "ராத்திரியும் ஓடினா நல்லாத் தூக்கம் வரும்."